கால் சுடுமுன் கும்பிட்டு முடியுங்கள்: அநுராதபுரப் பயணக் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஊரைப் பற்றியவை. கொழும்பு பஸ்ஸில் நித்திரையோடு கடந்துபோகிற அநுராதபுரத்தை ஒருக்கால் இறங்கித்தான் பார்ப்போமே என்று வன்னிச் சனம் முடிவெடுத்துவிட்டது போலிருக்கிறது.

பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளோட அநுராதபுரம் போக நினைக்கிறம். விடியப் போய் இரவுக்கு வீட்ட வரலாமோ? எதை முதல் பார்க்கிறது?
– வாசகி, கனகராயன்குளம்

வரலாம். வவுனியாவிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீற்றர்தான். பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். ஏ9 வீதியில் மதவாச்சி தாண்டி, ரம்பேவையில் வலப்பக்கம் திரும்பவேண்டும். பிழை நடப்பது இங்கேதான். கண்டி பஸ் பெரும்பாலும் ரம்பேவையில் திரும்பாமல் நேரே மிகிந்தலைக்குப் போய்விடும், அநுராதபுர டவுனுக்குள் நுழையாது. ஏறுமுன் கொண்டக்டரிடம் கேளுங்கள். ரயில் நேரம் அடிக்கடி மாறுவதால் முதல்நாளே ஸ்டேசனில் விசாரித்து வைப்பது நல்லது.

எதை முதல் பார்ப்பது என்பதை உங்கள் விருப்பம் தீர்மானிக்காது, வெயில்தான் தீர்மானிக்கும். தூபிகளின் முற்றத்தில் செருப்போடு நடக்க விடமாட்டார்கள். கல் பதித்த அந்த முற்றம் பத்து மணிக்கே சுடத் தொடங்கி, பன்னிரண்டுக்குத் தோசைக்கல்லாகிவிடும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக ருவன்வெலிசாய என்ற பெரிய வெள்ளைத் தூபிக்குப் போகிற குடும்பம் கால் மாறிக் கால் வைத்துத் துள்ளிக்கொண்டு ஓடுவது அங்கே அன்றாடக் காட்சி.

ஆகவே ஐந்து மணிக்குள் வீட்டிலிருந்து வெளிக்கிடுங்கள். முதலில் ஸ்ரீ மகாபோதி என்ற புனித அரசமரம். அங்கிருந்து லோவமகாபாய என்ற பழைய துறவியர் மாளிகையின் கற்தூண் காட்டைக் கடந்து நடைபாதையாலேயே ருவன்வெலிசாய. நாற்பது வரிசையில் நாற்பதாக 1600 தூண். பிள்ளைகளுக்குப் பெருக்கல் கணக்குக் கொடுக்க நல்ல இடம். பிறகு இன்னும் கொஞ்சம் வடக்கே தூபாராமய. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பியதீச மன்னன் கட்டியது, நாட்டின் முதல் தூபி என்று சொல்லப்படுவது. இந்த மூன்றும் பத்து மணிக்குள் முடியவேண்டும். வெயிலேறிய பின் செருப்போடு நடக்கக்கூடிய இடிபாடுகள், அதாவது அபயகிரி என்ற பழைய மடத்துப் பக்கம், குட்டம் பொக்குண என்ற இரட்டைக் குளம். மத்தியானம் மரநிழலில் சாப்பாடும் ஒரு சின்ன நித்திரையும். மூன்றரைக்குப் பிறகு ஜேதவனராமயத் தூபி, கடைசியாக இசுருமுனியப் பாறை விகாரை, பொழுதுபடும்போது திசா வாவிக் கட்டு.

ஆளுக்கொரு சோடி பழைய மேசு கொண்டுபோங்கள். செருப்பைக் கழற்றினாலும் மேசுடன் நடக்க விடுவார்கள். வெள்ளை உடுப்பு கட்டாயமில்லை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். தொப்பியை வாசலிலேயே கழற்றிவிடவேண்டும்.

மகாபோதியில் ஒரு விசயம். மேல் முற்றத்தைச் சுற்றிலும் பெரிய பெரிய அரசமரங்கள் நிற்கின்றன. அதில் தடித்த ஒன்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். அசோகன் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளையில் வளர்ந்ததாகப் போற்றப்படும் மரம் உச்சி மேடையில், பொன்வேலிக்கு உள்ளே, பொன்நிற முட்டுகளில் சாய்ந்தபடி நிற்கிற மெல்லியதுதான்.

பொசனுக்குப் போனால் வடிவாயிருக்கும் எண்டு சொல்லீனம். சின்னப் பிள்ளைகளோட போகலாமோ?
– வாசகர், செட்டிகுளம்

பொசன் என்பது யூன் மாதப் பௌர்ணமி. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் மிகிந்தலையில் தேவநம்பியதீசனைச் சந்தித்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். வெசாக்கை நாடு முழுவதும் பார்க்கலாம், பொசனுக்குத் தலைவாசல் அநுராதபுரமும் மிகிந்தலையும்தான். வெளிச்சக்கூடு, பந்தல், வழியெல்லாம் தன்சல். எங்கள் தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் சேர்ந்த மாதிரி. இன மத வித்தியாசம் பாராமல் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் வரிசையில் நில்லுங்கள். சோறு மரக்கறிதான், விரதகாரரும் சாப்பிடலாம்.

ஆனால் ஊரைப் பார்க்கவேண்டுமென்றால் அது நாளல்ல. சனம் லட்சக்கணக்கில் வரும். புனித நகர்ப் பக்க வீதிகளை மூடிவிடுவார்கள், வாகனத்தைத் தூரத்தில் விட்டு நடக்கவேண்டும். தங்க அறை கிடைக்காது. செருப்பு வைக்கும் இடத்தில் ஆயிரம் சோடி ஒரே மாதிரி இருக்கும். பழைய செருப்போடு போய் அதை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கையிலேயே வைத்திருப்பவரே புத்திசாலி. பிள்ளைகளின் முழங்கையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் எழுதிவிடுங்கள். சட்டைப்பையில் துண்டெழுதி வைத்தால் வியர்வையில் கரைந்துவிடும். கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்க ஒரு இடத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "தூபியடியில்" என்று சொல்லிவிடாதீர்கள். ருவன்வெலிசாயவின் சுற்றளவே கிட்டத்தட்ட 290 மீற்றர், ஆளும் ஆளும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று இரவு முழுக்கத் தேடலாம்.

நடுவழி ஒன்று உண்டு. பௌர்ணமிக்கு மூன்று நாலு நாள் முன்பே சோடனை தொடங்கிவிடும். பின்னேரம் போய் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

வெசாக் நேரத்தில் முல்லைத்தீவுச் சனத்துக்கு வற்றாப்பளைப் பொங்கல் அலுவல் இருக்கும் என்பதால் அதைப்பற்றி இங்கே நீட்டவில்லை.

லண்டனிலிருந்து அண்ணா குடும்பம் வருகுது. அவையளுக்கும் எங்களுக்கும் ஒரே டிக்கற்றோ?
– வாசகி, கிளிநொச்சி

இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தொல்பொருள் வலயத்துக்கு டொலர்க் கணக்கில் டிக்கற் எடுக்கவேண்டும், அது கணிசமான தொகை. இசுருமுனிய போன்ற சில இடங்களில் வேறாகவும் கேட்பார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ கையில் கொண்டுபோகட்டும். தமிழ் கதைத்துக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போய் வாசலில் நின்று வாதாடுவது வீண். ஒருமுறை எடுத்த டிக்கற்றை எறிய வேண்டாம், வளாகம் வளாகமாகப் பார்ப்பார்கள்.

எனக்குக் கோயில் குளத்தில குளம்தான் விருப்பம். அங்க கமக்காரன் பார்க்க என்ன இருக்கு?
– கமக்காரர், முத்தையன்கட்டு

ஐயா, உங்களுக்குத்தான் அந்த ஊர் முழுதாக விளங்கும். தூபிகளை எழுப்பிய ஊர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தூபிக்குச் செங்கல் அறுத்த கூலியாளுக்குச் சோறு போட்டது குளம். மழை பெய்வது ஐப்பசி முதல் தை வரைதான், மிச்ச மாதம் வறட்சி. எங்கள் வன்னியும் அதே வானத்தின் கீழ்தான் கிடக்கிறது.

மேற்கே பசவக்குளம், திசா வாவி. கிழக்கே நுவர வாவி. பசவக்குளம் பண்டுகாபய மன்னன் காலத்து அபய வாவி என்பது மரபு, அப்படியானால் கி.மு. 4ஆம் நூற்றாண்டு. நுவர வாவிதான் மூன்றிலும் பெரிது. அதன் கட்டில் விடியக்காலை நடந்து பாருங்கள், இரணைமடுக் கட்டில் நிற்கிற நினைப்பு வரும்.

உண்மையான வேலை திசா வாவிக்குள் விழும் வாய்க்காலில் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலா வாவியிலிருந்து ஏறக்குறைய 87 கிலோமீற்றர் ஓடிவருகிற ஜயகங்கை அது. அதன் முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு 6 அங்குலந்தான். வரம்பு மட்டம் பார்த்துப் பழகிய உங்களுக்கு அதன் அருமை தெரியும். கொஞ்சம் கூடினால் தண்ணி கரையை அரிக்கும், குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூரும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த வாய்க்காலுக்குக் கட்டு ஒருபக்கந்தான், பள்ளப் பக்கத்தில் மட்டும். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மேட்டில் பெய்கிற மழை அப்படியே வாய்க்காலுக்குள் இறங்கும். வழியில் உள்ள சின்னக் குளங்களுக்கும் பங்கு போகும். கால்வாய் என்று சொன்னாலும் நீட்டி இழுத்த ஒரு குளம் என்பதே பொருத்தம்.

இன்றைக்கு நீங்கள் துருசு என்று திறந்து பூட்டுகிறதன் மூத்த வடிவத்தைச் சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். குளக்கட்டுக்குள் இறக்கிய கல் கட்டிய சதுரக் கிணறு. குளத்துத் தண்ணி நேராக மதகுக்குள் பாய்ந்தால் அதன் வேகத்தில் கட்டு உட்புறமாக அரிபட்டு ஒருநாள் உடைக்கும். கிணற்றுக்குள் விழுந்து வேகம் அடங்கி, அங்கே அளவு பார்த்து வெளியே விடப்படும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வேலைசெய்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் இதைப் பார்த்து வியந்து, இன்றைய வால்வுக் கோபுரங்களின் மூதாதை என்றார். எங்கள் வவுனிக்குளத்தை அளந்து ஆராய்ந்தவரும் அதே பார்க்கர்தான்.

அநுராதபுரத்தின் ஓரமாக ஓடுகிற மல்வத்து ஓயாவைப் பாலத்தில் நின்று ஒருதரம் பாருங்கள். அதுதான் கீழே இறங்கி, மன்னாரில் அருவியாறு என்று பேர் மாறிக் கடலுக்குப் போகிறது. அங்கே வெள்ளமென்றால் மன்னார்ச் சனம் மாட்டை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோவது அதனால்தான்.

காலபோக அறுவடை முடிந்தபின் ஸ்ரீ மகாபோதிக்குப் புத்தரிசி படைக்கும் விழாவொன்று நடக்கும், 'அலுத் சகல் மங்கல்ய' என்பார்கள். பல மாவட்டத்துக் கமக்காரரும் அரிசி கொண்டுவருவார்கள். எங்கள் புதிர் எடுப்பின் பெரிய அண்ணன் என்று வையுங்கள். நாள் ஆண்டுக்காண்டு மாறும். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

எல்லாளன் சமாதி எண்டு ஒண்டு இருக்குதாம். எங்க?
– ஆசிரியர், ஓமந்தை

பழைய நகரின் தெற்கே, செங்கல் மேடாகத் தெரியும் தக்கிண தூபியைத்தான் நெடுங்காலம் எல்லாளன் சமாதி என்று சொல்லிவந்தார்கள். பின்னர் தொல்லியலாளர் செனரத் பரணவிதான அதைப் பழைய தக்கிண விகாரையின் தூபி என்று அடையாளம் கண்டார். இப்போது அந்தப் பெயரில் கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

மகாவம்சம் சொல்வது இதுதான்: 44 ஆண்டு நீதியாக ஆண்ட எல்லாளன் நகரின் தெற்கு வாசலருகே துட்டகைமுனுவோடு பொருது வீழ்ந்தான்; வென்றவனே விழுந்த இடத்தில் அவனை எரித்து நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடும் விதித்தான்; அதைக் கடக்கும்போது மன்னர்கள் மேளத்தை நிறுத்தினார்கள். 1818 கிளர்ச்சி அடங்கியபின் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவ, இடம் சரியாகத் தெரியாததால் பல்லக்கிலிருந்து இறங்கி, களைப்போடும் நெடுந்தூரம் நடந்தே போனார் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மேடு என்பதில் அறிஞருக்குள் இழுபறி இருந்தாலும் மரியாதையில் இழுபறி இருக்கவில்லை.

மாணவரைக் கூட்டிப்போகிறீர்களென்றால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அபயகிரித் தூபிக்கு வடமேற்கே ஒரு பாறையில் கி.மு. காலப் பிராமிக் கல்வெட்டு உண்டு. பிராகிருதத்தில் எழுதியது. தமிழ்ச் சமணன் ஒருவன் செய்வித்த, தமிழ் இல்லத்தார்க்குரிய மாடம் என்று அது சொல்கிறது. இருக்கைகளில் ஒவ்வொருவர் பெயரும் வெட்டியிருக்கிறது. அதில் ஒருவர் கப்பலோட்டி. இடத்தை ஓட்டோக்காரரிடம் கேட்பதிலும் அபயகிரித் தொல்பொருள் அலுவலகத்தில் கேட்பது நல்லது.

மகளுக்கு வரலாற்றுச் செயற்றிட்டம். எல்லாத்தையும் ஓடி ஓடிப் பார்க்காமல் ரெண்டு மூண்டை வடிவாய்ப் பார்க்கச் சொல்லுங்கோ.
– தாய், நெடுங்கேணி

நல்ல தாய். மூன்று சொல்கிறோம்.

ஒன்று, சந்திரவட்டக்கல். அபயகிரி வளாகத்தில் மகாசேனன் மாளிகை என்று சொல்லப்படும் கட்டடத்தின் வாசற்படியில் உள்ளதுதான் சிறந்தது. உண்மையில் அது மாளிகையல்ல, துறவியர் கட்டடம். அரைவட்டத்தை வெளியிலிருந்து உள்ளே வாசியுங்கள்: தீச்சுவாலை, யானை, குதிரை, சிங்கம், எருது வரிசை, கொடிவளையம், அலகில் தண்டு கவ்விய அன்னங்கள், நடுவே தாமரை. பிற்காலத்துப் பொலன்னறுவைக் கற்களில் எருது இராது. நந்தியைக் காலால் மிதிக்கலாமா என்ற எண்ணம் சோழர் காலத்தோடு வந்ததால் எடுத்துவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். மகளின் கொப்பியில் இந்த ஒப்பீடு இருந்தாலே ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டு, குட்டம் பொக்குண, இரட்டைக் குளம். எல்லாரும் படியில் நின்று படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சின்னக் குளத்தின் வடக்கு முனையில் குனிந்து பாருங்கள். ஐந்தலை நாகக்கல் பக்கத்தில், தண்ணி வந்து விழும் வாயும் அதற்கு மேலே கல்லில் குடைந்த சிறு தொட்டிகளும் தெரியும். நிலத்தடிக் குழாயால் வரும் தண்ணி தொட்டி தொட்டியாகத் தங்கி, மண் அடியில் படிந்து, தெளிந்த மேல்நீர் மட்டும் குளத்துக்குள் விழும். வீட்டில் கலங்கல் தண்ணியை அண்டாவில் தெளியவிட்டு மேலால் மொள்ளுவதும் இதே வேலைதான்.

மூன்று, ஜேதவனராமய. மகாசேனன் தொடங்கியது. முதலில் 122 மீற்றர் உயரம், அன்றைய உலகில் கீசாவின் இரண்டு பிரமிட்டுகளுக்கு அடுத்தது. இன்று 71 மீற்றரளவில் நிற்கிறது. ஒன்பது கோடிக்கு மேல் செங்கல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ருவன்வெலிசாய வெள்ளையடித்திருப்பதால் செங்கல் தெரியாது, இங்கே கட்டு வரிசையையே எண்ணலாம்.

பிள்ளைகள் சிரிக்க ஒன்று வேண்டுமென்றால் நகரின் மேற்கே உள்ள பழைய மடங்களின் சிறுநீர்க் கற்களைத் தேடுங்கள். தூபியும் சிலையும் வேண்டாம் என்று எளிமையாக வாழ்ந்த துறவிகள், மாடமாளிகை உருவங்களைச் செதுக்கியது அந்தக் கல்லில் மட்டுந்தான். சொகுசு மடங்களைக் கிண்டல் செய்தார்கள் என்கிறார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மிகிந்தலைப் படி ஏறமாட்டா. விட்டிட்டுப் போறதும் மனமில்லை.
– வாசகர், மாங்குளம்

படி மொத்தம் 1840. ஆனால் பாதித் தூரத்துக்கு வாகன வீதி இருக்கிறது. மேல் தரிப்பிடத்தில் இறக்கினால் தானசாலை முற்றம் பக்கம். அங்கே சோறு கஞ்சி போட வைத்திருந்த நீண்ட கல்தொட்டியைக் காட்டி, நிழலில் இருத்திவிடலாம். மிச்சப் படி அகலமும் தாழ்வும்தான். பின்னேரம் நாலரைக்கு மேல், இடையிடை இருந்து இருந்து ஏறுகிற தாய்மாரும் உண்டு. ஆராதனைக் கல்லுக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அது செங்குத்துப் பாறை, கம்பியைப் பிடித்துத்தான் ஏறவேண்டும், காற்றும் தள்ளும். அடிவாரத்தில் பழைய மருத்துவசாலை இடிபாடு சமதரையில் இருக்கிறது. ஆளைக் கிடத்தி மருந்தெண்ணெயில் ஊறவிட மனித உருவில் குடைந்த கற்தொட்டியை அம்மா கட்டாயம் பார்க்கட்டும், தன் வருத்தத்துக்கு ஏற்ற வைத்தியம் என்பா.

எந்த மாதம் நல்லது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

தை கடைசி முதல் பங்குனி நடு வரை. மழை விட்டிருக்கும், குளம் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் முற்றியிராது. சித்திரையில் வெயிலும் கொடிது, வருசப்பிறப்பை ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள் நாலைந்து நாள் பூட்டியுமிருக்கும். ஆவணியில் போகலாம், ஆனால் சோளகக் காற்றில் புழுதி, குளங்கள் வற்றியிருக்கும். கார்த்திகை மார்கழியில் போவதானால் மல்வத்து ஓயா வெள்ளச் செய்தியைக் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். மார்கழிப் பௌர்ணமி உந்துவப், சங்கமித்தை வந்த நாள்; மகாபோதியில் சனம் கூடும், பொசன் அளவுக்கு நெரிசல் இராது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போறதோ, அங்க வாங்கிறதோ?
– வாசகி, பூநகரி

காலைக்கு இடியப்பமோ புட்டோ கட்டுங்கள், பகலுக்கு வேண்டாம், சூட்டில் தேங்காய்ப்பூப் போட்டது பழுதாகிவிடும். டவுனில் சோற்றுக்கடை நிறைய. குரங்குதான் பெரிய தொல்லை; பொலித்தீன் சரசரக்கிற சத்தம் கேட்டால் போதும், மடியிலிருந்தே பறிக்கும். துணிப்பைக்குள் வைத்து, சாப்பிடும்போது மட்டும் திறவுங்கள். தண்ணி ஆளுக்கு இரண்டு லீற்றர். குளத்தில் குளிக்கப் பிள்ளைகள் கேட்பார்கள். முதலை இருக்கிற குளங்கள் அவை, ஊர்ச்சனம் குளிக்கிற துறையைத் தவிர வேறெங்கும் இறங்கவிடாதீர்கள்.

சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. சமாளிக்கலாமோ?
– வாசகர், ஒட்டுசுட்டான்

சமாளிக்கலாம். 'கொஹெத' என்றால் எங்கே, 'கீயத' என்றால் எவ்வளவு. "வவுனியா பஸ் கொஹெத?" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். டவுனில் பழைய பஸ் நிலையம், புதிய பஸ் நிலையம் என்று இரண்டு. வடக்கே வரும் பஸ் புதிய நிலையத்தில். ஓட்டோ பிடித்தால் பார்க்கிற இடங்களின் பேரை ஒரு தாளில் எழுதிக் காட்டி, காத்திருக்கும் நேரத்தோடு சேர்த்து மொத்த விலை பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை விடியப்போய் இறங்கும்போதே கேட்டு வையுங்கள். போயா நாளில் அது வழக்கமான நேரத்துக்கு வராது, வந்தாலும் கால் வைக்க இடமிராது.